இரண்டாம் இடத்தில் நிற்பவர்



ஓர் அணி வெற்றிக் கோப்பையை உயர்த்திப் பிடிக்கும் புகைப்படத்தைக் காணும்போது, நம் கண்கள் முதலாவது ஆடினவர்களையும், பின்பு தலைமைப் பயிற்சியாளரையும் தேடுகின்றன. ஓரத்தில் நிற்கும் உதவிப் பயிற்சியாளரின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. அவரைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அந்நாட்டில் ஹாக்கி என்றாலே பனித்தரை ஆட்டத்தைத்தான் நினைப்பார்கள். நாம் அறிந்த ஹாக்கியை 1901-ஆம் ஆண்டில் அங்கே பெண்கள் கல்லூரிகளில் அறிமுகப்படுத்தியவர், இங்கிலாந்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ அம்மையார். இன்றும் கல்லூரிகளில் அது பெரும்பாலும் பெண்களின் ஆட்டமே.

ஆகஸ்டு இறுதி முதல் நவம்பர் வரை போட்டிக் காலம். ஆனால் உதவிப் பயிற்சியாளருக்கு ஆண்டு முழுவதும் வேலை உண்டு. எதிரணியின் ஆட்டங்களைக் காணொளியில் பார்த்துக் குறிப்பெடுப்பவர் அவர். பள்ளிப் போட்டிகளுக்குப் பயணம் செய்து, அடுத்த ஆண்டுகளுக்கான மாணவிகளைத் தேடுபவரும் அவர். கோல்கீப்பரின் பயிற்சியும் பெனால்டி கார்னர் பயிற்சியும் பல அணிகளில் அவர் பொறுப்பே.

பெனால்டி கார்னரைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவர் பந்தைத் தள்ளிவிட, மற்றொருவர் நிறுத்த, வேறொருவர் அடிக்கிறார். கோல்கீப்பர் உட்பட ஐந்து பேர் மட்டுமே தடுக்கலாம். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளுக்காக வாரக்கணக்கில் உழைத்தவரின் பெயர் ஆட்டப் பலகையில் வருவதில்லை.

இப்பணியில் சிலருக்கு உயர்வு விரைவாய் வருகிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழக அணி 1987-இல் தேசியப் பட்டம் வென்றபோது மிஸ்ஸி மெஹார்க் அதன் உதவிப் பயிற்சியாளர். மறு ஆண்டே அவர் தலைமைப் பொறுப்பை ஏற்று, பின்னர் ஏழு தேசியப் பட்டங்களை வென்றார். வேறு சிலர் நெடுங்காலம் காத்திருந்தார்கள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தாம் ஆடிய அணிக்கே பல ஆண்டுகள் துணைநின்ற லிசா பெர்வின்சாக் லவ், 2022-ஆம் ஆண்டுப் போட்டிக் காலத்திற்குப்பின் தலைமைப் பயிற்சியாளர் ஓய்வுபெற்றபோதே அந்த இடத்திற்கு வந்தார்.

இன்னொரு காட்சியும் உண்டு. 2023 ஜனவரியில் வட கரோலினா பல்கலைக்கழகம், அப்போதுதான் ஆட்டத்தை முடித்திருந்த 22 வயது எரின் மாட்சனைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது. உதவிப் பயிற்சியாளராக ஒரு நாளும் இராத அவர், அவ்வாண்டே பட்டத்தையும் வென்றார். அவருடைய திறமையை மெச்சுகிறோம். ஆயினும் பத்து, பதினைந்து ஆண்டுகள் இரண்டாம் இடத்தில் உழைத்தவர்கள் அச்செய்தியை எப்படி வாசித்திருப்பார்கள்?

கணக்கு கடினமானது. முதல் பிரிவில் ஏறக்குறைய 80 அணிகளே உள்ளன; தலைமை நாற்காலிகளும் அவ்வளவே. ஓர் அணிக்கு இரண்டு உதவியாளர் என்று வைத்தாலும், பெரும்பாலோருக்கு அந்த நாற்காலி கிட்டாது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால், புதியவர் தம் ஆட்களை அழைத்து வரலாம். அப்போது, தம்மேல் குற்றம் இல்லாதபோதும், உதவியாளர் குடும்பத்தோடு வேறு ஊர் தேடிப் புறப்பட வேண்டியதாகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த உங்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

ஆகையால், உண்மையாய் உழைத்தால் முதலிடம் நிச்சயம் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லுவேன். இரண்டாம் இடம் வெறும் காத்திருப்பு அறை அன்று. அதுவே ஒரு முழுமையான பணி. அந்தக் கோல்கீப்பர் தடுத்த பந்து உண்மையிலேயே தடுக்கப்பட்டது. ஓர் உதவிப் பயிற்சியாளர் தேடிக் கண்ட மாணவி உண்மையிலேயே கல்லூரிக்கு வந்தாள். பெயர் வெளிவராததினால் அந்த வேலை வீணாய்ப் போகவில்லை.

ஒருவேளை நீங்கள் முதலிடத்தில் இருப்பவரானால், உங்கள் அருகே ஓரத்தில் நிற்பவர் யார்? அடுத்த முறை உங்களை ஜனங்கள் பாராட்டும்போது, அவருடைய பெயரையும் சத்தமாய்ச் சொல்லுங்கள்.