போடியில் இரயில் இரவு தங்கட்டும்

இருமுறை பிடுங்கப்பட்டு இருமுறை மீண்டும் நடப்பட்டது மதுரை – போடிநாயக்கனூர் இரயில் பாதை. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இக்கிளைப்பாதை உசிலம்பட்டியைத் தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் மலையை ஊடறுத்து, தேனி வழியாகப் போடியில் வந்து நிற்கிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை, மலைதான் இருக்கிறது. சிறிய ஊர் நிலையம் ஒன்றின் அமைப்பில் என்ன பெரிய செய்தி இருந்துவிடப் போகிறது என்று நண்பர்கள் நினைக்கலாம். யாருக்காக வண்டி ஓடுகிறது என்னும் கேள்விக்கு அந்த அமைப்பே விடை சொல்கிறது என்பது நம் கருத்து.

பாதை பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகட்டுக்கு வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தது. போடியில் இரயில் இல்லை. ஆகவே மாட்டுவண்டிகள் பெட்டிகளைச் சுமந்து அம்மையநாயக்கனூர் நிலையம்வரை போயின. இன்று கொடைக்கானல் ரோடு என்று நாம் அழைக்கும் நிலையம் அதுதான். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் மலைமேல் இருந்த இரயிலை அடையாளமின்றி அழித்தது. நான்காண்டுகள் கழித்து, 1928இல், மலையடிவாரத்துக்குத் தென்னிந்திய இரயில்வேக் கம்பெனியின் வண்டி வந்து சேர்ந்தது. மேலே ஒன்று அழிந்தபின் கீழே ஒன்று பிறந்தது. ஏலக்காயும் தேயிலையும் அழைத்துவந்த வண்டியில்தான் மனிதர்களும் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் இப்பாதையின் தண்டவாளங்கள் போர்த் தேவைக்கென்று பெயர்த்து எடுக்கப்பட்டன. ஊராரை யாரும் கேட்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில்தான் வண்டி மீண்டும் ஓடியது. பிறகு அகலப்பாதையாக்கும் பணிக்கென்று 2010ஆம் ஆண்டின் இறுதியில் மீட்டர் கேஜ் வண்டி நிறுத்தப்பட்டது. 2022 மே மாதம் தேனிவரையிலும், 2023 ஜூன் 15 அன்று போடிவரையிலும் வண்டி வந்தது. முதல் காத்திருப்பும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு, இரண்டாவதும் அப்படியே. போடிக்கு மேலேயுள்ள மலைகளில் நீலக்குறிஞ்சி பூக்கும் கணக்கும் பன்னிரண்டுதான். 2006இல் அது பூத்தபோது கீழே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 2018இல் பூத்தபோது வண்டி இல்லை.

நாம் முதுகலைத் தமிழ் பயின்ற நாட்களில் ஊருக்குத் திரும்ப அந்த மீட்டர் கேஜ் வண்டியில் வருவதுண்டு. தாழ்ந்த நடைமேடை, கூடையை இறக்க இன்னொருவர் கை கொடுத்தால் போதும். வண்டி நின்றதும் எஞ்சினைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியே மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டுவார்கள். பாதை முடிகிற நிலையங்களுக்கே உரிய சடங்கு இது. வந்த வண்டியின் வால், போகிற வண்டியின் தலையாகும். அதைப் பார்ப்பதற்கென்றே சிறுவர்கள் நிற்பார்கள். இன்று நடைமேடை உயர்ந்திருக்கிறது. ஒரு மீட்டர் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டராக விரிந்திருக்கிறது. பயண நேரம் குறைந்திருக்கிறது. இவற்றையெல்லாம் நாம் வரவேற்கிறோம். பழைய வண்டிக்காகக் கண்ணீர் விடுவது நம் நோக்கமன்று.

நம் குறை வேறு. 2022இல் சேவை தொடங்கியபோது வண்டி காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டுத் தேனிக்கு வந்தது. மாலையில் தேனியிலிருந்து மதுரைக்குத் திரும்பியது. போடிவரை நீட்டித்தபோதும் இந்த முறை மாறவில்லை. தேனி மாவட்டத்தார் மதுரைக்குப் போவது எதற்காக? மருத்துவமனைக்கு, கல்லூரிக்கு, உயர்நீதிமன்றக் கிளைக்கு, மொத்தக் கடைகளுக்கு. இவை எல்லாமே காலை வேலைகள். மாலை வண்டியில் ஏறி இரவு மதுரையில் இறங்குகிறவர் எந்த மருத்துவரைப் பார்ப்பார்?

இங்கேதான் நிலையத்தின் அமைப்புக்கு வருகிறோம். வண்டி எந்த ஊரில் இரவு தங்குகிறதோ அந்த ஊருக்குத்தான் காலை வண்டி வாய்க்கும். பெட்டிகள் தங்குவதற்குத் தனிப்பாதை வேண்டும். தண்ணீர் நிரப்ப, கழுவ, பழுது பார்க்க வசதி வேண்டும். ஓட்டுநரும் காவலரும் ஓய்வெடுக்க அறை வேண்டும். இவை இருக்கும் ஊர் வண்டியின் வீடு; இல்லாத ஊர் வண்டிக்குச் சத்திரம். வாரத்துக்கு மூன்று நாள் என்று 2023இல் தொடங்கிய சென்னை விரைவு வண்டியால் போடி மகிழ்ந்தது உண்மை. ஆனால் சென்னைக்குப் போகிறவர் மாதத்தில் ஒருநாள் போவார். மதுரைக்குப் போகிறவர் அன்றாடம் போவார்.

பயணிகள் கூட்டம் போதவில்லை, பேருந்துகள்தாம் நிறைய ஓடுகின்றனவே என்று ஒரு மறுமொழி வரும். நேரம் பொருந்தாத வண்டியில் கூட்டம் எப்படிச் சேரும்? பந்தி முடிந்தபின் இலை போட்டுவிட்டு, உண்ண ஆளில்லை என்பது போன்றது இது. பேருந்துக் கட்டணத்துக்கும் இரயில் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாடு கூலிக்காரர் ஒருவரின் அரைவேளைச் சாப்பாடு என்பதையும் மறக்கலாகாது.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலை இதனினும் கீழ். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களுக்கு இரயிலே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் பாதை வேண்டும் என்னும் கோரிக்கை நெடுங்காலமாக நிற்கிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் இருபோக நெல்லை விளைவித்தது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை லாரியில்தான் ஊர்ஊராகப் போகிறது. சரக்குக்காகப் பிறந்த பாதை, அருகிலேயே விளையும் சரக்கைத் தொடாமல் நிற்பது முரண்.

புதிய பாதைக்குக் கோடிகள் வேண்டும், காலமும் வேண்டும். ஆனால் போடியில் ஒரு வண்டி இரவு தங்குவதற்கு வேண்டியவை ஒரு தனிப்பாதையும் சில வசதிகளும் ஒரு கால அட்டவணைத் திருத்தமுமே. காலையில் போடியிலிருந்து மதுரைக்கு, மாலையில் மதுரையிலிருந்து போடிக்கு. இவ்வளவுதான் நாம் கேட்பது. குறிஞ்சி அடுத்துப் பூக்கவேண்டிய ஆண்டு 2030. அதற்கும் ஒரு பன்னிரண்டு ஆண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பதே இவ்வூர்க்காரர்களாகிய நம் வேண்டுகோள்.