இடிந்த மாளிகையும் எஞ்சிய சோலையும்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், நியூகாசில் கோமக்களுக்குரிய கிளம்பர் மாளிகை செல்வச் செருக்குடன் விளங்கிற்று. 1879-இல் அதன் பெரும்பகுதியைத் தீ உண்டது, மீண்டும் எடுப்பித்தனர். பின்னர்ப் பொருள்முடையும் வரிச்சுமையும் மிக, 1938-இல் உரிமையாளரே அதனை இடிப்பித்தனர். 1889-இல் முற்றுப்பெற்ற அதன் தேவாலயமோ இன்றும் நிற்கின்றது. ஏறத்தாழ 3,800 ஏக்கர் பரப்புள்ள சோலையைப் பொதுமக்களின் நன்கொடை கொண்டு 1946-இல் தேசிய அறக்கட்டளை வாங்கிற்று. இரண்டு மைல் நீண்ட லிண்டன் மரச்சாலையில் இன்று யாவரும் உலவுகின்றனர்.

கைவினைஞர்தம் அருந்திறன் மண்ணாயிற்றே என்று இரங்குவாருடன் யாமும் இரங்குகின்றோம். எனினும், ஒரு குடிக்கே உரிய மாடம் மறையவும், பலர்க்கு நிழலாம் மரங்களும் தொழுமிடமும் நிலைபெற்றமை இழப்பன்று. பழமனைகளுள் எதனை முதற்கண் காப்பது என வினா எழுமிடத்து, பலர்க்குப் பயன்படுவதனையே காத்தல் வேண்டுமென்பது எம் துணிபு.