ஊதினவர் பேர் என்ன?

போன மாதம் நம்ம திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய பாட்டுக் கச்சேரி. பாடினவர்களைக் குறை சொல்ல முடியாது, நன்றாகவே பாடினார்கள். ‘அவளுக்கென்ன’ பாட்டும் வந்தது. ட்ரம்பெட் வரவேண்டிய இடத்தில் மேடையில் ட்ரம்பெட்டைக் காணோம். கீபோர்டுக்காரத் தம்பி இரண்டு விரலால் அழுத்தினார், ஸ்பீக்கரில் ட்ரம்பெட் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், என் வயசுக்காரர், தலையை ஆட்டி ரசித்தார்.

"என்னங்க, ட்ரம்பெட் ஊத ஆளே இல்லையே" என்றேன்.

"பீப்பி ஊதுறதுக்குன்னு தனியா ஒரு ஆளைக் கூட்டிட்டு வரணுமாக்கும்? எழுதிக் குடுத்ததை ஊதப் போறான். பாட்டும் டியூனும்தானே சார் முக்கியம்" என்றார்.

பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டதால் அங்கே பேச்சு நின்றுபோனது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் அந்தப் பாட்டு ஒலிப்பதிவாகிற காட்சியையே காட்டியிருப்பார்கள். டி.எம்.எஸ். மைக் முன்னால் நிற்பார். எம்.எஸ்.வி. கையை வீசி நடத்துவார். வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நாமெல்லாம் அந்தக் காட்சியை நூறு தடவை பார்த்தவர்கள். நாகேஷ் எந்த இடத்தில் எப்படி வளைவார் என்று சொல்வோம். வாலி எழுதியது என்போம், விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்போம். அதில் ட்ரம்பெட் ஊதினவர் பேர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும்.

சரி, ஊதுகிறவர்களை மதிக்கத் தெரியாத ஜனமா நாம்? அதுவும் இல்லை. இரண்டே வருஷம் முன்னால், 1962-இல், ‘கொஞ்சும் சலங்கை’ வந்தது. ‘சிங்கார வேலனே’ பாட்டில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் யாருடையது என்று நம்ம ஊரில் எந்த டீக்கடையில் கேட்டாலும் காருக்குறிச்சி அருணாசலம் என்று சொல்வார்கள். திரையில் வாயில் வைத்து நடித்தது ஜெமினி கணேசன் என்பதும் தெரியும். 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. சிவாஜி எவ்வளவுதான் கன்னத்தை உப்பினாலும் வாசித்தது மதுரை சேதுராமன்-பொன்னுசாமி சகோதரர்கள் என்பதை யாரும் மறக்கவில்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டு உருகின தலைமுறையின் பிள்ளைகள் நாம். மூச்சுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த இதே ஊர், அந்த மூச்சு பித்தளைக் குழாய் வழியாக வந்தால் மட்டும் ‘பீப்பி’ என்கிறது.

நாதஸ்வரக்காரர் மனோதர்மத்தில் ராகம் வாசிக்கிறார், ட்ரம்பெட்காரர் நோட்டில் இருப்பதைத்தானே ஊதுகிறார் என்று நண்பர் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதினதை ஊதுவது என்றால் என்னவென்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ட்ரம்பெட்டில் மூன்றே மூன்று பிஸ்டன். எப்படி மாற்றி மாற்றி அழுத்தினாலும் எட்டு விதம்தான். அந்த எட்டை வைத்துக்கொண்டு இரண்டரை ஸ்தாயி வாசிக்க வேண்டும். மிச்சம் முழுக்க உதடு. நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது, இதிலே அதிர்வது ஊதுகிறவரின் உதடேதான். ஒரே பிஸ்டனை அழுத்தியபடி உதட்டை ஒரு நூல் இறுக்கினால் வேறு சுரம். கொஞ்சம் பிசகினாலும் ஹால் முழுக்கக் கேட்கும். இருபது வயலினில் ஒன்று தப்பினால் மற்றவை மூடிவிடும். ட்ரம்பெட் தப்பினால் மூடுவதற்கு யாரும் கிடையாது.

அந்தக் காலத்து ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியங்களும் ஒரே ஹாலில், ஒரே நேரத்தில். மூன்றாவது நிமிஷத்தில் ட்ரம்பெட் வழுக்கினால் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து. டேக் கூடக்கூட உதடு வீங்கும். ‘எங்கே நிம்மதி’ மாதிரி பெரிய வாத்தியக் கூட்டம் வைத்த பாட்டுக்கு இது எப்பேர்ப்பட்ட பாரம் என்று யோசியுங்கள். இன்றைக்கு மாதிரி தப்பின இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுகிற வசதி அப்போது ஏது?

வெளிநாட்டிலும் எழுதினதைத்தான் ஊதுகிறார்கள். சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் அடால்ஃப் ஹெர்சத் என்று ஒருவர், 1948-இல் முதல் ட்ரம்பெட்டாக உட்கார்ந்து 2001-இல்தான் எழுந்தார். மாலரின் ஐந்தாவது சிம்பொனி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? வேறு எந்த வாத்தியமும் கிடையாது, ஒற்றை ட்ரம்பெட் மட்டும், சாவு ஊர்வலத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. சோல்டி நடத்தி 1970-இல் பதிவான தட்டில் அதை ஊதியவர் இந்த ஹெர்சத். யூடியூபில் தேடிக் கேளுங்கள். எழுதினது மாலர்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நம்மை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைப்பது அந்த மனுஷனின் மூச்சு. அங்கே கச்சேரிப் புத்தகத்தில் வாத்தியக்காரர் ஒவ்வொருவர் பேரும் அச்சாகிறது, கடைசி வரிசைக்காரர் வரைக்கும்.

இங்கே? இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னால் படம், பாடினவர், எழுதினவர், இசையமைத்தவர் என்று எவ்வளவு அழகாகச் சொல்வார்கள்! வாத்தியக்காரர் அந்தப் பட்டியலில் கிடையாது. இசைத்தட்டு லேபிளிலும் கிடையாது. 2025 மார்ச் 8-இல், பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். நம்மவர் என்று நானும் மார் தட்டினேன். ஆனால் அன்றைக்கு வாட்ஸப்பில் எனக்கு வந்த அத்தனை வாழ்த்துச் செய்தியிலும் அதை வாசித்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

நம்ம ஊர் மாசித் திருவிழா மேடைகளில் முன்பெல்லாம் மெல்லிசைக் குழுவின் பின்வரிசையில் இரண்டு ட்ரம்பெட், ஒரு சாக்ஸபோன் இருக்கும். பாட்டு முடிந்ததும் ட்ரம்பெட்டைச் சாய்த்துத் தண்ணீரை உதறுவார்கள். எச்சில் என்று பையன்கள் சிரிப்போம். எச்சில் அல்ல அது, மூச்சின் ஈரம் குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. அதே ஆட்களைத்தான் மறுநாள் மாப்பிள்ளை அழைப்பிலும், முத்தழகுபட்டி செபஸ்தியார் திருவிழாவிலும் பேண்டு வாத்தியத்தில் பார்ப்போம். மேடையில் கை தட்டினவர்களே தெருவில் ‘ஏ பேண்டு செட்டு, சத்தமா ஊதுப்பா’ என்று கூப்பிடுவார்கள். நாதஸ்வரக்காரர்களுக்கும் மரியாதை சும்மா வந்துவிடவில்லை. ராஜரத்தினம் பிள்ளை மாதிரி ஒருவர் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார். ட்ரம்பெட்காரருக்குச் சண்டை போட அப்படி ஒருவர் அமையவில்லை, அதற்குள் கீபோர்டு வந்துவிட்டது.

விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று கேட்கிறேன். நோட்டீஸில் உபயதாரர் பேர் நாற்பது போடுகிறீர்கள், போட்டோவோடு போடுகிறீர்கள். அடுத்த கச்சேரிக்கு ஒரு ட்ரம்பெட்காரரைக் கூப்பிடுங்கள். கீபோர்டில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒன்றும் கோபுரம் கட்டிவிடவில்லை. அவர் பேரை அந்த நோட்டீஸில், பாடகர் பேருக்குக் கீழேயே, படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள்.