குண்டு பல்பு போனது. விதியும் போக வேண்டுமா?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை நடக்கும். அப்பா வெந்நீரில் குளிக்கப் போனால் வரவேற்பறை விளக்கு கண்ணடிக்கத் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து கண்ணடிக்கும். "அப்பா குளிக்கிறாரா?" என்று பக்கத்து வீட்டு அக்கா அங்கிருந்தே கேட்பார். நாங்கள் சிரிப்போம். பாட்டிக்கு மட்டும் தலைவலி வரும். பல்பை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. மின்பொறியியல் படிக்க வந்த பிறகுதான் காரணம் விளங்கியது.

சூட்டைக் குறைக்க வெப்பக் கட்டுப்படுத்திக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு மின்னலையிலும் ஒரு பகுதியை வெட்டலாம். விளக்கு சிமிட்டாது, ஆனால் அலையின் வடிவம் கெடும். அல்லது முழு அலைகளைச் சற்று நேரம் விட்டு, சற்று நேரம் நிறுத்தலாம். அலை கெடாது, ஆனால் மின்னழுத்தம் ஏறி இறங்கும். 3.6 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 15.7 ஆம்பியர் இழுக்கும். கம்பியின் தடை 0.4 ஓம் என்றால் 6 வோல்ட்டுக்கு மேல் குறையும், அதாவது 2.7 விழுக்காடு. நொடிக்கு ஒருமுறை இப்படி நடந்தால் ஒரு விழுக்காடுகூட கண்ணை உறுத்தும். நொடிக்கு ஒன்பது முறை என்றால் 0.3 விழுக்காடே போதும்.

இதற்காகத்தான் ஐ.இ.சி. 61000-3-3 என்னும் அனைத்துலகத் தரவிதி இருக்கிறது. பத்து நிமிடச் சிமிட்டல் அளவு 1-ஐயும், இரண்டு மணி நேர அளவு 0.65-ஐயும் தாண்டக்கூடாது என்கிறது. அளவுகோல் எது தெரியுமா? 60 வாட் குண்டு பல்பின் ஒளியும், அதைப் பார்க்கும் மனிதக் கண்ணும்!

"குண்டு பல்பே போய்விட்டது, பிறகு விதி எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். எல்.இ.டி. விளக்குகளில் பல அசையாமல் எரிகின்றன. ஆனால் சில இன்னும் சிமிட்டுகின்றன, அதிலும் மலிவானவை. எந்த வீட்டில் மலிவான விளக்கு எரியும்? எந்த வீடு மின்கம்பியின் கடைசியில் இருக்கும்? சோதனைக்கூடத்தின் கம்பியைவிட அந்தக் கம்பி பலவீனமானது. விதியைத் தளர்த்தினால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள்தான்.

தீர்வு கடினமானதன்று. அடுப்பு மெதுவாகத்தான் ஆறும். அதனால் இடைவெளியை நீட்டலாம். ஓடும் நீருக்கு அது ஒத்துவராது. அங்கே சூடேற்றும் கம்பியை மூன்றாகப் பிரித்து ஒன்றை மட்டும் விட்டுவிட்டு இயக்கினால், மின்னழுத்தத் துள்ளலும் மூன்றில் ஒன்றாகும். செலவு சற்றுக் கூடும். அந்தச் செலவைக் கருவி செய்பவர் ஏற்காவிட்டால், பக்கத்து வீட்டுப் பாட்டி தலைவலியாக ஏற்பார்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை பொறியியலாளர்கள். நம் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். சுவருக்கு அப்பால் எரியும் விளக்கையும் ஒருமுறை எட்டிப் பார்ப்போம்.