காற்றையும் கணக்குல சேருங்கய்யா!

பிளஸ் ஒன்ல விழும் பொருள் கணக்கு எது வந்தாலும் கூடவே ஒரு வரி வரும்: காற்றுத்தடையைப் புறக்கணிக்கவும். பரீட்சைக்குச் சரி. ஆனா நம்மாளுங்க பரீட்சை முடிஞ்சும் புறக்கணிச்சுட்டே இருக்காங்க. அதான் கடுப்பு.

2016 பிப்ரவரி 6. ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி (ஆமாங்க, பொறியியல்!). பெரிய சத்தம், தரையில பள்ளம், பஸ் கண்ணாடியெல்லாம் தூள். ஒரு டிரைவர் செத்துப்போனார். மறுநாளே முதல்வர் ஜெயலலிதா அறிக்கை: விழுந்தது விண்கல், குடும்பத்துக்கு 1 லட்சம். உலகம் பூரா செய்தி. சில நாள்ல நாசா, படங்களைப் பார்த்தா தரையில நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்குன்னுடுச்சு.

இதுக்கு நாசா எதுக்கு? கால்குலேட்டர் போதாதா?

அங்க கண்டெடுத்ததா சொன்னது சின்னக் கல்லு. 50 கிராம்னே வெச்சுக்குவோம். 20 கிமீ உயரத்துலேர்ந்து காற்றே இல்லாம விழுந்தா மணிக்கு 2,250 கிமீ வேகம் வரும். ஆனா காற்று இருக்கே! வேகம் இரண்டு மடங்கானா தடை நாலு மடங்கு. தடை எடைக்குச் சமமானதும் வேகம் ஏறாது. எடையை ரெண்டால பெருக்கி, காற்றின் அடர்த்தி, குறுக்குப் பரப்பு, தடை எண் மூணோட பெருக்குத்தொகையால வகுத்து, வர்க்கமூலம் எடுங்க. 3 செமீ விட்டம், தடை எண் 0.5னா மணிக்கு சுமார் 170 கிமீ. விண்வெளியிலேர்ந்து எவ்வளவு வேகமா வந்தாலும் சின்னக் கல்லு அதை மேலேயே இழந்துடும். 2003 உலகக் கோப்பையில ஷோயப் அக்தர் 161 கிமீ வேகத்துல போட்டாரே, அந்தப் பந்தோட ஆற்றல்ல மூணுல ஒரு பங்குதான் இது. தலையில விழுந்தா ஆள் சாகலாம். பள்ளம் விழுமா? சுத்தி நின்ன பஸ் கண்ணாடி உடையுமா?

'ரஷ்யாவுல 2013ல உடைஞ்சதே'ம்பீங்க. செல்யாபின்ஸ்க்ல வந்தது சுமார் 20 மீட்டர் பாறை. அது இங்க வந்திருந்தா பெங்களூர்க்காரனும் பார்த்திருப்பான்.

இது வெறும் மார்க் விஷயம் இல்ல. விண்கல்னா விதி, யாரையும் கேட்க முடியாது. வெடிப்புன்னா அங்க என்ன இருந்துச்சு, யார் வெச்சாங்க, ஏன் அப்புறப்படுத்தலைன்னு கேட்டாகணும். 2015 ஜனவரியில ராணிப்பேட்டை சிப்காட்ல தோல் கழிவுத் தொட்டி இடிஞ்சு 10 தொழிலாளிங்க செத்தாங்க. அதுக்கு வானத்தைக் கை காட்ட வழியில்ல. இங்க இருந்துச்சு, காட்டிட்டாங்க.

அடுத்த தடவை எவனாவது வானத்து மேல பழி போட்டா, முதல்ல காற்றைச் சேர்த்துக் கணக்குப் போடுங்க. பல சமயம் விடை தரையிலதான் கிடக்கும்.