யாருடைய திராட்சத்தோட்டம்?

தியானப் பகுதி: உன்னதப்பாட்டு 1:6, மாற்கு 6:30-34, ரோமர் 16:1-16



 இந்த வாரத் தியானத்தைச் சற்றே கடினமான சொற்களால் எழுதுகிறேன். அச்சொற்கள் முதலாவது எனக்கும், பின்னர் என்னைப் போன்ற ஊழியர்களுக்கும் உரியவை. ஒருவேளை எங்களை அழைக்கிற சபைகளுக்கும் அவற்றில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

தவக்காலம் தொடங்கி மே மாதம் முடியும்வரை நான் மேற்கொண்ட ஊழியங்களை அறிக்கையாக எழுத அண்மையில் அமர்ந்தேன். தவக்காலக் கூட்டங்கள், பரிசுத்த வாரச் செய்திகள், விடுமுறை வேதாகமப் பள்ளிகள், வாலிபர் முகாம்கள், கன்வென்ஷன்கள், நண்பர்களின் சபை ஆண்டு விழாக்கள் என்று பதினான்கு ஊர்களின் பெயர்கள் நாட்குறிப்பில் இருந்தன. எழுதி முடித்தபோது மனதிற்குள் ஒரு திருப்தி எழுந்தது. மறைப்பானேன், அது பெருமையேதான்.

அந்தக் காலத்தில்தான் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாயாரின் கணவர் நோயுற்றுக் கிடந்தார். இரண்டு பயணங்களுக்கு இடையில் ஒருமுறை அவ்வீட்டிற்குச் சென்றேன். உட்காரவில்லை. கட்டிலருகே நின்று ஜெபித்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க விரைந்தேன். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த இரவில் நான் தொலைவிலுள்ள ஒரு மேடையில், நல்ல மேய்ப்பனைக் குறித்துப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். அடக்க ஆராதனையைப் பக்கத்துச் சபையின் போதகர் நடத்தினார். மூன்றாம் நாள் நான் போய் நின்றபோது அந்தத் தாயார் கோபிக்கவில்லை. காப்பி கொடுத்துவிட்டு, "உங்களுக்கு ஊரு நெறைய இருக்குங்கய்யா. எங்களுக்கு ஐயா ஒருத்தருதான்" என்றார். என் அறிக்கையைக் கிழிக்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிருந்தது.

பிரியமானவர்களே, உத்தமபாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழ்வோருக்குப் பயணம் புதிதன்று. விடிவதற்கு முன்னரே ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு நம் தாய்மாரும் சகோதரிகளும் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறி, இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். பொழுது சாயும் வேளையில் அதே வளைவுகளில் நெருக்கியடித்து இறங்குகிறார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் கடக்கிற தூரத்தைக் கணக்கிட்டால் எங்கள் ஊழியப் பயணங்கள் வெட்கப்படும். அதை அவர்கள் யாரும் அறிக்கையாக அச்சிடுவதில்லை.

இதில் ஊழியர்கள் கவனிக்கவேண்டிய ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. அந்த மக்களை அவர்கள் வீட்டில் சந்திக்கக்கூடிய நேரம் மிகவும் குறுகியது. மாலையில் வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, உண்டு, மறுநாளுக்காகக் கண்ணயர்வதற்கு முன்னுள்ள இரண்டு மணி நேரமே அது. அதே இரண்டு மணி நேரத்தில்தான் எல்லா ஊர்களிலும் கன்வென்ஷன் மேடைகளில் விளக்கு எரிகிறது. ஆகவே வெளியூர் மேடைக்கு நான் கொடுக்கும் ஒவ்வொரு மாலையும் என் சொந்தத் தெருவிலிருந்து எடுக்கப்பட்ட மாலையாகும். பகலில் ஊரில் இருந்தேன் என்று சொல்வது விடையாகாது. பகலில் அவர்கள் ஊரில் இல்லையே!

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு எழும்: "பவுல் அப்போஸ்தலன் பயணம் செய்யவில்லையா?" ஆம், செய்தார். ஆனால் வேதத்தைப் பாதியில் மூடிவிடக்கூடாது. கொரிந்துவில் அவர் ஒன்றரை ஆண்டு தங்கினார் (அப்போஸ்தலர் 18:11). எபேசுவில் மூன்று ஆண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னதாகவும், வீடுவீடாகச் சென்றதாகவும் அந்தச் சபையின் மூப்பர்களுக்கே நினைவூட்டுகிறார் (20:20, 31). நாங்கள் பவுலின் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்; அவருடைய நாட்காட்டியை விட்டுவிட்டோம். ஒரு சபையில் இரவு உணவு முடிந்தவுடன் அடுத்த ஊருக்குப் புறப்படுகிற எங்களுக்கு, எபேசுவின் மூன்று ஆண்டுகளைச் சாட்சிக்கு அழைக்க உரிமை இல்லை.

மேலும், பவுல் தம் பயணங்களை எவ்வாறு பட்டியலிடுகிறார் என்று பாருங்கள் (2 கொரிந்தியர் 11:23-28). ஆற்றின் ஆபத்து, கள்ளரின் ஆபத்து, பசி, குளிர், கண்விழிப்பு. அப்படிச் சொல்ல நேர்ந்ததையே புத்தியீனம் என்று கூசுகிறார். பட்டியலின் முடிவில் சபைகளைக் குறித்து நாள்தோறும் தம்மை அழுத்தும் கவலையை வைக்கிறார். எங்கள் பட்டியலோ ஃபிளெக்ஸ் பதாகையில் வண்ணப்படத்தோடு நிற்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் ரயில் நிலையம், விடுதி, சால்வை, மேடை என்று வரிசையாக ஓடுகிறது. நேரமில்லை என்பது முன்பெல்லாம் மன்னிப்புக் கேட்கச் சொல்லும் வார்த்தை. இப்போது அது ஊழியனின் தகுதிச் சான்றாகிவிட்டது.

இரண்டாவது மறுப்பு: "சுவிசேஷம் பரவவேண்டாமா?" நிச்சயமாகப் பரவவேண்டும். ஆனால் நேர்மையாகக் கேட்போம், நாங்கள் எங்கே போகிறோம்? பெரும்பாலும் நூறாண்டு பழமையான ஆலயங்களுக்கு. வாழ்நாள் முழுவதும் பிரசங்கம் கேட்டுவரும் மக்களுக்கு. நல்ல ஒலிபெருக்கியும் நல்ல சாப்பாடும் உள்ள இடங்களுக்கு. ஜீப் செல்லாத குடியிருப்பை நோக்கி யாரும் எங்களுக்குத் தேதி கேட்டு எழுதுவதில்லை. தேதி கேட்கப்படாத இடத்திற்கு நாங்களும் போவதில்லை.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகவும் இனிமையானது. ஆகையால் மிகவும் ஆபத்தானது. "இது நண்பர்களுடனான ஐக்கியம்" என்கிறோம். இறையியல் கல்லூரிக் காலத்து நண்பர் அழைக்கிறார், எப்படி மறுப்பது? நான் அவருடைய மேடைக்குப் போகிறேன்; அறுப்பின் பண்டிகைக்கு அவர் என் மேடைக்கு வருகிறார். நான் அவரை வல்லமையான தேவ ஊழியர் என்று அறிமுகம் செய்கிறேன். அவரும் அதே வார்த்தைகளால் என்னை அறிமுகம் செய்கிறார். இதற்குத்தான் ஆண்டவர் ஒரு விருந்தின் உவமானத்தால் விடை கொடுத்தார். திரும்ப அழைக்கக்கூடிய நண்பர்களையும் செல்வரையும் விட்டுவிட்டு, பதிலுக்குச் செய்ய இயலாத ஏழைகளையும் ஊனரையும் அழைக்கும்படி சொன்னார் (லூக்கா 14:12-14). நம் மேடைப் பரிமாற்றங்களில் எத்தனை அந்த வசனத்திற்கு முன் நிற்கும்? அந்தத் தாயார் எனக்கு ஒருநாளும் மேடை தரமுடியாது. அவர் வீட்டில் உட்கார எனக்கு நேரமில்லாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று என் மனசாட்சி கேட்கிறது.

நட்பைக் குறித்து நமக்குக் கற்பிக்கத் தகுந்த ஒருவர் நம் தமிழ்த் திருச்சபையிலேயே இருந்தார். 1874-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இளமையில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலராகத் தென்னிந்தியா எங்கும் சுற்றிப் பணியாற்றியவர். அவருடைய பயணங்கள் வீண்போகவில்லை. 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே நற்செய்திப் பணியை நடத்துவதைக் கண்டார். அந்தக் காட்சியின் தூண்டுதலால் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறக்க முன்னின்றார். அதன்பின் அவர் செய்ததைக் கவனியுங்கள். ஊர் ஊராகச் சென்று பிறரை மிஷனரிகளாகப் போகும்படி அழைத்துவந்தவர், 1909-இல் தாமே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போய்த் தங்கினார். அந்த மொழியைக் கற்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1945-இல் மரிக்கும்வரை அந்த மக்களின் மேய்ப்பராகவே வாழ்ந்தார்.

அவரே 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மேனாட்டு மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டு, அதற்கும் மேலாகத் தங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று கேட்டார். பங்களாவில் வாழ்ந்து, உதவி செய்து, ஆனால் சமமாக உட்கார மனமில்லாதவர்களை நோக்கி எழுந்த குரல் அது. அந்த அவையில் சிலருக்கு அது கசந்தது. அன்று வெள்ளையரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வியை இன்று நம் விசுவாசிகள் நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வோம்? ஜெபம் தருகிறோம், செய்தி தருகிறோம், நிவாரணப் பொட்டலமும் தருகிறோம். பாயில் உட்கார்ந்து பேசுகிற நட்பைத் தருகிறோமா?

பவுலின் நட்பு எப்படிப்பட்டது என்பதற்கு ரோமர் 16-ஆம் அதிகாரம் சாட்சி. பலர் அதைப் பெயர்ப்பட்டியல் என்று வாசிக்காமல் தாண்டிவிடுவர். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, எப்பனெத்து, பெர்சியாள் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அவர் பட்ட பாட்டையும் சொல்கிறார். ரூபுவின் தாயாரைத் தமக்கும் தாய் என்கிறார். அந்த அம்மையார் எத்தனை நாள் அவருக்குச் சோறிட்டிருந்தால் இந்தச் சொல் பிறந்திருக்கும்! நான் என் பதினான்கு ஊர்களையும் எடுத்து, எதிரே பெயர்களை எழுத முயன்றேன். அழைத்த போதகரின் பெயர் நினைவிருந்தது. காரோட்டிய தம்பியின் பெயர் இரண்டு ஊர்களில் மட்டும் தெரிந்தது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பயணமே தவறு என்று நான் சொல்லவில்லை. கப்பர்நகூமில் எல்லாரும் தேடியபோதும் அடுத்த ஊர்களுக்குப் போகவேண்டும் என்று புறப்பட்டவர் நம் ஆண்டவர் (மாற்கு 1:38). நாமே பயணிகளின் விதைப்பில் முளைத்தவர்கள். 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான் மதுரையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கினார்கள். அவர்களும் கிராமம் கிராமமாகச் சுற்றினார்கள். ஆனால் ஓரிடத்தில் கூடாரமடித்துச் சில நாள் தங்கி, சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு நடந்து போனார்கள். அவர்கள் திரும்பிய பின்பும் கிராமத்தில் ஓர் உபதேசியார் குடியிருந்தார். இரவில் பிள்ளை பிறந்தாலும், காலையில் ஒருவர் இறந்தாலும் அவர் அங்கே இருந்தார். எழுபது பேரை அனுப்பியபோது, ஒரு வீட்டில் தங்குங்கள், வீடு மாறித் திரியாதீர்கள் என்று ஆண்டவர் கட்டளையிட்டதும் இதனால் அன்றோ (லூக்கா 10:7)?

நம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயியைக் கேளுங்கள். சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் ஆனைமலையன்பட்டியிலும் பந்தலின்கீழ் நிற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு கொடியைக் காப்பதில்லை. கவாத்து செய்தபின் ஒவ்வொரு நாளும் தோட்டத்தில் ஆள் வேண்டும். மேகமூட்டமான வாரத்தில் விவசாயி ஊரில் இல்லையென்றால் செவட்டை நோய் இலையில் இறங்கிவிடும். அவர் திரும்பி வந்து மருந்தடிக்கும்போது பூ கருகியிருக்கும். உன்னதப்பாட்டில் ஒரு பெண் பேசுகிறாள். பிறருடைய திராட்சத்தோட்டங்களைக் காவல் செய்ய அமர்த்தப்பட்டு, தனக்குரியதைக் கவனியாமல் போனேன் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள். இந்தப் பள்ளத்தாக்கில் போதகனாயிருந்துகொண்டு அந்த வசனத்தை வாசித்துவிட்டு எளிதில் தூங்க முடியவில்லை.

அப்போஸ்தலர்கள் தங்கள் முதல் ஊழியப் பயணத்திலிருந்து திரும்பி, செய்தவை யாவையும் ஆண்டவருக்கு அறிவித்தார்கள். அவர் எண்ணிக்கை கேட்கவில்லை, பாராட்டிதழும் வாசிக்கவில்லை. சாப்பிடவும் நேரமில்லாதிருந்த அவர்களைத் தனிமையான இடத்திற்கு அழைத்துச் சென்று இளைப்பாறச் சொன்னார். அந்த இளைப்பாறுதலின் கரையிலேயே, மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போலிருந்த மக்களைக் கண்டு மனதுருகினார். ஓடிக்கொண்டேயிருக்கிற கண்ணுக்கு அந்த ஆடுகள் தென்படுவதில்லை.

ஆகவே சபையின் முன்பாக நான் செய்துகொண்ட தீர்மானங்களை இங்கும் எழுதுகிறேன். மாதத்தில் ஒருமுறைக்குமேல் வெளியூர் அழைப்பை ஏற்பதில்லை. வாரத்தில் நான்கு மாலைகள் ஜீப்புகள் திரும்பி வரும் தெருக்களுக்கு உரியவை. வெளியூர் சென்றால் அழைத்தவர் வீட்டோடு நில்லாமல், அந்தச் சபையின் நோயாளிகளையும் விதவைகளையும் சந்தித்தபின்பே திரும்புவது. ஊழிய நண்பர்களைக் காண விரும்பினால், மேடையும் மைக்கும் இல்லாமல் காண்பது. இப்போது நான் வரமுடியாது என்று எழுதினால், என் நண்பர்கள் அதை நட்பின் குறைவாக எண்ணவேண்டாம்.

சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் போதகர் ஊரூராகப் போகிறார் என்று பெருமை கொள்ளாதீர்கள். கடைசியாக அவர் உங்கள் தெருவுக்கு எப்போது வந்தார் என்று அன்போடு கேளுங்கள். அந்தத் தாயார் என்னிடம் சொன்னதைப்போல, காப்பி கொடுத்துவிட்டே சொல்லுங்கள்.

ஜெபம்: அன்பின் ஆண்டவரே, நீர் எங்கள் கையில் ஒப்புவித்தவர்களை விட்டுவிட்டு, நீர் ஒப்புவியாத இடங்களில் நாங்கள் பேர் தேடியதை மன்னியும். உம்முடைய ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறவரே, அவர்களுடைய பெயர்களை எங்களுக்கும் கற்பியும். போகச் சொல்லும்போது போகவும், தங்கச் சொல்லும்போது தங்கவும் கீழ்ப்படிதலைத் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்
உத்தமபாளையம்