ஒத்தைச் செருப்பு ஸ்டிரைக்கும் ஜப்பான் பாடமும்

ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா தினம். காலடிப்பேட்டையில் அக்கா மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஜப்பானைப் பற்றிப் பேச்சுப் போட்டி. முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. மிஸ் எழுதிக் கொடுத்த பேப்பரை மனப்பாடம் பண்ணி, ஏற்ற இறக்கத்தோடு முழங்கினாள்:

"ஜப்பானில் செருப்புத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? இடது கால் செருப்பை மட்டும் செய்து குவிப்பார்கள்! கோரிக்கை நிறைவேறியதும் வலது காலைச் செய்வார்கள்! நம் நாட்டிலோ..."

கட்டிலில் உட்கார்ந்திருந்த எங்கப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் திருவொற்றியூரில் ஃபேக்டரி வேலை. ஸ்டிரைக், லாக்-அவுட் எல்லாம் பார்த்தவர். அந்த மாதங்களில் அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் எங்களுக்குச் சோறு. அந்த 'நம் நாட்டிலோ' அவரைத்தானே குத்துகிறது?

இந்தச் செருப்புக் கதையை நானும் பள்ளிக்கூடத்தில் கேட்டவன்தான். நீங்களும் கேட்டிருப்பீர்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. வருஷத்தோடு சொல்லக்கூடிய கதைகள் ஜப்பானில் நிறைய இருக்கு சாமி!

1953இல் நிசான் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். நிர்வாகம் கதவடைத்தது, போட்டிச் சங்கம் முளைத்தது, தோற்றுப்போனார்கள். அதே நிசானின் கார்கள்தான் ஓரகடத்தில் தயாராகி நம்ம எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறின. 1960இல் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பல மாதம் போராட்டம். சங்கம் வைக்கவும் போராடவும் தொழிலாளிக்கு உள்ள உரிமையை 1947இல் அமலுக்கு வந்த அவர்கள் அரசியல் சட்டமே சொல்கிறது.

இப்போது அங்கே ஸ்டிரைக் குறைவு, கையில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்கிற வழக்கமும் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 2023 ஆகஸ்டில் டோக்கியோவில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரை ஊழியர்கள் ஒரு நாள் மூடவே வைத்தார்கள். அளவு மீறி வேலை பார்த்துச் சாவதற்கு 'கரோஷி' என்று தனி வார்த்தை வைத்திருக்கிற ஊர் அது. அதையும் சேர்த்துத்தானே சொல்லணும்?

எனக்குப் பெரிய ஆதங்கம் மினமாட்டாதான். கடலோர ஊர். சிஸ்ஸோ என்கிற ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன, அப்புறம் மனிதர்கள். 1956இல் நோய் தெரிந்தது. 1959இல் மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து ரகளை செய்தார்கள். ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ள 1968 ஆனது. பன்னிரண்டு வருஷம்!

இதை அவளுக்குச் சொன்னேன். "நம்ம எண்ணூர் மாதிரியா மாமா?" என்றாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் எண்ணெயில் கறுத்ததும், அதே மாசம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ராத்திரியில் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்ததும் அவளுக்கு ஞாபகம் இருக்கு. எந்த மிஸ்ஸும் எழுதிக் கொடுக்காமலே புரிந்துகொண்டாள்.

காகிதக் கொக்கு மடிக்கச் சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டுகிற ஜப்பான் வழக்கத்தையும் சொல்லுங்கள், நல்லதுதான். ஆனால் ஆலைகளுக்கு நடுவே வளர்கிற வடசென்னைப் பிள்ளைக்கு ஜப்பான் என்றால் 'வாயை மூடிக்கொண்டு வேலை பார்' என்று மட்டும் சொல்லித்தருவது பச்சைத் துரோகம். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் இங்கிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும். அதையும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸ். செருப்புக் கதையை அவளே எடுத்துவிட்டாள். மினமாட்டாவைச் சேர்க்க மிஸ் விடவில்லையாம். 'நேரம் இல்லை.'